பேட்டரி போனா எவ்வளவு?

போன வாரம் எங்கள் தாமானில் ஒரு பெரியவரின் கருமக்கிரியை. நான் மதித்த மனிதர். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தேன். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்ற மூத்த மகன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் சிவந்திருந்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. "வாங்கண்ணே" என்றவர், என் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்து, "கரண்டு காடி எடுத்துட்டீங்களாமே... பேட்டரி போனா எவ்வளவு வரும்?" என்றார்.

இதற்குமேல் பொறுக்க முடியாது. பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை இந்தக் கட்டுரையிலேயே, வெள்ளிக் கணக்கில், காசு பாக்கியில்லாமல் சொல்லிவிடப் போகிறேன். அச்சில் வந்ததும் வெட்டியெடுத்து, லேமினேட் பண்ணி, முன்கண்ணாடியில் சாலை வரி வில்லை ஒட்டும் இடத்தில் ஒட்டிவிடுவேன். 2023 பிப்ரவரியிலிருந்து வில்லை ஒட்டத் தேவையில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால் அந்த இடம் சும்மாதான் கிடக்கிறது.

பழைய வண்டிதான், ஆனால் நமக்குப் புதிது என்பதால் எடுத்த அன்றே கோயிலில் பூசை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பூசாரி ஐயா கற்பூரத் தட்டை நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்த என் காதருகே, மந்திரம் சொல்லும் அதே குரலில், "பேட்டரி மாத்துனா ரொம்ப ஆவுமாமே?" என்றார். பசார் மாலாமில் மீன் பொரிக்கும் பாக்சிக், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே "பேட்டரி ரோசாக், பெராப்பா?" என்கிறார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. அவரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதையே கேட்டார். நாட்டில் ஒற்றுமை வளர்க்க எத்தனையோ இலாகா, எத்தனையோ திட்டம். வீட்டுக்கு ஒரு பழைய கரண்டு காடி கொடுத்துப் பார்க்கலாம்.

வண்டி என்ன பிராண்டு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பிராண்டுக்கு எவ்வளவு என்பீர்கள்.

கேட்பவர்களுக்கு விலை தெரியாமலா கேட்கிறார்கள்? அதுதான் எரிச்சலே. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு தொகை தயாராக இருக்கிறது. நான் சொல்வது அதைவிடக் குறைவாக இருந்தால் நம்புவதில்லை. கூடுதலாக இருந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், தீபாவளிக்குக்கூட அப்படி வராது. அந்தத் தொகைக்கு ஆதாரமாக ஒரு மனிதரும் இருக்கிறார். சிரம்பான்காரர். உங்களுக்கும் அவரைத் தெரியும்.

"சிரம்பான்லே ஒருத்தரு. எங்க மச்சானுக்குத் தெரிஞ்சவரு. செகண்டே காடி. எடுத்து ஆறே மாசம், பேட்டரி அவுட்டு. கடையிலே அறுபதாயிரம் கேட்டுட்டான். சாவியை மேசையிலே வச்சிட்டு பஸ்ஸேறி வந்துட்டாரு."

இது செங் சாப்பாட்டுக் கடையில் கேட்ட கதை. அலோர் காஜாவில் அதே மனிதருக்கு எண்பதாயிரம் ஆகிவிட்டது. பஸ்ஸுக்குப் பதில் கிராப். மஸ்ஜிட் தானாவில் ஒருவர், அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெடுஞ்சாலையில் நின்றதாகவும், லோரியில் ஏற்றியபோது லோரியும் நின்றதாகவும் சொன்னார். தம்பின் பக்கம் போனால் தொகை ஒரு லட்சத்தை எட்டுகிறது, மனைவி தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார். ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றியவர் அந்த மனிதருக்குச் சர்க்கரை வியாதி வந்ததைக்கூடச் சொன்னார். மின்சார வண்டியால் வந்த சர்க்கரையாம்.

எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. பாவம், பெயர்கூட யாருக்கும் தெரியாது, கஷ்டம் மட்டும் ஊர் பூராவும் தெரிகிறது. சிரம்பானில் இருக்கும், எனக்குத் தம்பி முறையான ஒருவனுக்குப் போன் போட்டு, ஆளைக் கண்டுபிடி, ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம் என்றேன். அவன் சிரித்தான். "அது இங்கே இல்லேண்ணே. மூவார்லே நடந்தது. எல்லாருக்கும் தெரியுமே." மூவாரில் என் பழைய வகுப்புத் தோழன் அடித்துச் சொன்னான், அது குளுவாங். குளுவாங்கில் எங்கள் அத்தை இருக்கிறார். மாவட்டத்தில் நடந்தது, நடக்கப்போவது இரண்டும் அவருக்குத் தெரியும். கேட்டேன். "இங்கே இல்லய்யா, உங்க பக்கந்தான். பாயா ரும்புட்டாம். கண்ணாடி போட்ட ஆளு. தோட்டத்துக் கிராணி மகனாம். சட்டுனு கோவம் வருமாம். காடியை வாங்கி வாசல்லே வச்சிக்கிட்டு அழுவுறாராம். உனக்குத் தெரியுமா அவரை?"

தெரியும் அத்தை என்றேன். பாவம் என்றார். நானும் பாவம் என்றேன்.

அந்த ஆள் அழவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். கோபம் வரும் என்பது சரி.

பழைய காடி வாங்குவது நம் ஆட்களுக்கு ஒரு சடங்கு. டட்சன் 120ஒய் காலத்தில் தொடங்கி, 1985இல் புரோட்டோன் சாகா வந்து, பிறகு கஞ்சில் வந்து, மைவி வந்து, எதிலும் மாறாத சடங்கு. முதலில் டயருக்கு ஓர் உதை. பிறகு பானட்டைத் தூக்கி, எண்ணெய் மூடியைத் திருகி, அதன் அடியில் வெள்ளையாக நுரை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பது. இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கலந்துவிட்டது, கேஸ்கெட் காலி, நடையைக் கட்டு. ஸ்டார்ட் பண்ணி, புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி, நீலப் புகையா கறுப்புப் புகையா என்று பார்ப்பது. நீலம் என்றால் எண்ணெய் தின்னுகிறது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, எஞ்சின் சத்தம் கேட்பது. கடைசியாக நம்பர் பிளேட்டைக் கூட்டி எட்டு வருகிறதா என்று பார்ப்பது. இப்போது சொல்லுங்கள், மின்சார வண்டியில் எண்ணெய் மூடி இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. மிச்சம் இருப்பது உதையும் எட்டும்தான்.

புக்கிட் ஆசகான் தோட்டத்தில் லோரிக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்த என் சித்தப்பா, வண்டியைப் பார்க்க வந்தார். பானட்டில் காதை வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணுடா."

"பண்ணியாச்சு சித்தப்பா."

"சரி, பண்ணு."

"ஓடிக்கிட்டிருக்கு சித்தப்பா."

வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பின்னால் குனிந்து, புகைக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். நிமிர்ந்து, "இதுலே என்னமோ மறைக்கிறானுங்கடா" என்றார். பேட்டரியின் ஆரோக்கியத்துக்கு எஸ்ஓஎச் என்று நூற்றுக்கு இவ்வளவு என ஒரு கணக்கு இருக்கிறது, இந்த வண்டியில் பார்க்க வேண்டியது முதலில் அதைத்தான், இதற்கு 91 என்று விளக்கினேன். மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "ஒம்பதும் ஒண்ணும் பத்து, ஒண்ணு. நல்ல நம்பர். எடுத்துக்க" என்றார்.

சரி, பேட்டரி விலைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எந்த பேட்டரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியில் இரண்டு இருக்கின்றன. தரைக்கடியில் கட்டில் அகலத்துக்குப் படுத்திருக்கும் பெரியது ஒன்று. முன்னால் பானட்டுக்கடியில், மைவியில் இருப்பதுபோலவே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இன்னொன்று. ஊரே பெரியதற்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போது வண்டியைப் படுக்க வைப்பது சின்னதுதான். கதவுப் பூட்டு, திரை, கணினி எல்லாம் இந்தச் சின்னதில்தான் விழிக்கின்றன. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சை மூடுவதும் இதே 12 வோல்ட்தான். அது செத்தால், அடியில் 60 கிலோவாட் மணி மின்சாரம் நிறைந்து கிடந்தாலும் ரிமோட்டுக்குக் கதவுகூடத் திறக்காது.

எனக்கு அது கோயில் வாசலில் நடந்தது. அர்ச்சனை முடித்து வெளியே வந்தால் வண்டி கல்லாகக் கிடந்தது. ரிமோட்டை அழுத்தினேன், போனில் அழுத்தினேன், மனைவி ஒருமுறை அழுத்தினாள். பெரிய பேட்டரியில் 78 விழுக்காடு இருந்தது எனக்குத் தெரியும். சாவிக்குள் ஒளித்து வைத்திருந்த இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி நின்றேன். அதற்குள் கூட்டம். கூட்டம் என்ன கேட்டது என்று உங்களுக்கே தெரியும். "பேட்டரிதான் போச்சு" என்று வாய் தவறிச் சொன்னேன். ஆகா, அந்த முகங்கள்! சிரம்பான்காரரையே நேரில் பார்த்துவிட்ட முகங்கள்.

ஒரு தாத்தா மட்டும் எதுவும் கேட்கவில்லை. தன் கஞ்சிலை ஓட்டிவந்து என் வண்டியின் மூக்கோடு மூக்காக நிறுத்தினார். 660 சிசி. கதவில் துரு, பின்கண்ணாடியில் முருகன். பின்னால் இருந்து சிவப்பும் கறுப்புமாக ஜம்பர் கேபிளை எடுத்து மாட்டினார். என் வண்டியின் திரை பளிச்சென்று விழித்து, ஆங்கிலத்தில் நல்வரவு சொன்னது. ஒரு லட்சம் வெள்ளிக்குமேல் விலை போட்டு விற்ற, தானே பார்க்கிங் போட்டுக்கொள்ளும் வண்டியை, காற்றாடிபோல் உதறிக்கொண்டு நின்ற கஞ்சில் எழுப்பியது. தாத்தா காசு வாங்கவில்லை. "இதுக்கும் பேட்டரிதானா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கேலியா என்று தெரியவில்லை.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். ஷா ஆலாமில் வேலை செய்யும் என் மகன் வண்டியின் செயலியைத் தன் போனிலும் போட்டு வைத்திருக்கிறான். அப்பா வண்டியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று அங்கிருந்து பார்ப்பானாம், பாசத்தில். ஒவ்வொருமுறை பார்க்கும்போதும் தூங்கும் வண்டி விழித்துப் பதில் சொல்லும். விழிப்பது சின்ன பேட்டரியின் செலவில். இதோடு டேஷ்கேம் ஒன்றும் இரவெல்லாம் முழித்திருந்தது. நம் ஊர் வெயிலில் ஈய பேட்டரிக்கு ஆயுள் ஏற்கெனவே குறைவு. சாதாரண ஈய பேட்டரி என்றால் இருநூறு முந்நூறு வெள்ளியில் முடியும். சில மாடல்களில் 12 வோல்ட்டும் லித்தியம்தான், அது ஆயிரத்தைத் தாண்டலாம். பழைய மின்சார வண்டி வாங்கப் போகிறவர் இதையும் கட்டாயம் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. சின்னது என்பதால் அதில் சோகம் போதவில்லை.

டயரையும் கேட்பதில்லை, உதைப்பதோடு சரி. மைவி ஏறக்குறைய ஒரு டன். என் வண்டி ஒன்றே முக்கால் டன்னுக்குப் பக்கம். காலை வைத்தவுடன் முழு இழுவையும் சக்கரத்துக்குப் போகும். சிக்னலில் பச்சை விழுந்ததும் பின்னால் நிற்பவனுக்கு அதைக் காட்டும் ஆசை யாருக்குத்தான் இல்லை? அந்த ஆசைக்கு நான்கு டயர், ஈராயிரம் வெள்ளியைத் தொட்டது. பழைய வண்டியை விற்றவருக்கும் அதே ஆசை இருந்திருக்கும், ஆகவே புஷ், லோவர் ஆர்ம் எல்லாவற்றையும் தூக்கிப் பார்ப்பது நல்லது. பிரேக்கில் நேர்மாறான நோய். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரமாக மாற்றிக்கொள்வதால் பிரேக் பேடு தேயாது. தேயாமல் இருப்பதால் டிஸ்க் துருப்பிடிக்கும். வேலை செய்தால் தேய்மானம், செய்யாவிட்டால் துரு. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், எனக்கு இது புரிகிறது.

ஏர்கோன் விஷயத்தில் கவனம் வேண்டும். பெட்ரோல் காடியில் கம்பிரசர் போனால் வியர்க்கும், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாம். இன்றைய மின்சார வண்டிகள் பலவற்றில் நம்மைக் குளிர்விக்கும் அதே கம்பிரசர்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. கூளன்ட்டும் தண்ணீர்க் குழாயில் பிடித்து ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை. பல வண்டிகளுக்கு, மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனி ரகம். வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் உள் சார்ஜர் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஏற மறுத்து, வெளியே வேகச் சார்ஜரில் மட்டும் ஏறுகிற பழைய வண்டி கண்ணில் பட்டால், அந்த உள் சார்ஜர் கதை முடிந்திருக்கலாம். அது சின்ன பில் இல்லை. அதற்கும் யாரும் அழுவதில்லை.

மலிவு என்று பலர் பழைய நிசான் லீஃபைப் பார்க்கிறார்கள். 2019இல் இரண்டாம் தலைமுறை லீஃப் இங்கே வந்தபோது விலை 188,888 வெள்ளி. எட்டு பிடிக்காத நமக்காக வைத்த விலை இல்லை என்பது பார்த்தாலே தெரியும். இந்தப் பழைய லீஃபின் பேட்டரிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது, காற்றுதான். 2012இலேயே அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்து முதல் தலைமுறை லீஃப் உரிமையாளர்கள், பேட்டரி அளவுகாட்டியின் 12 கோடுகளில் ஒவ்வொன்றாக அழிகிறது என்று வழக்கு வரை போனார்கள். நம் ஊர் பாலைவனம் இல்லை, ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு டுரியான் துங்காலில் வண்டியை வெயிலில் போட்டுப் பாருங்கள். வேகச் சார்ஜ் வாயும் சாடெமோ என்ற ஜப்பானிய வகை. இன்று இங்கே நடுவது பெரும்பாலும் சிசிஎஸ்2. ஆனால் ஒரு நல்லது உண்டு. சின்ன ஓபிடி கருவியை மாட்டி, லீஃப்ஸ்பை என்ற செயலியைத் திறந்தால் பேட்டரியின் வயிற்றில் இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். விற்பவர் அதை மாட்ட விடவில்லை என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இன்னொரு வயிற்றெரிச்சல். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து மைகார்டும் லைசென்சும் வைத்திருக்கும் குடிமக்களுக்கு ரோன்95 எண்ணெய் லிட்டர் 1.99 வெள்ளி. தொடங்கியபோது மாதத்துக்கு 300 லிட்டர் வரை. என்னிடம் மைகார்டு இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. டேங்க்தான் இல்லை. எண்ணெய்க் கடை வழியாகப் போகும்போதெல்லாம் என் பங்கு எண்ணெயை நினைத்துக்கொள்கிறேன். சாலையோரம் சார்ஜ் போட மட்டும் எனக்குக் கம்பெனிக்கொரு செயலி வேண்டும். 2025க்குள் நாட்டில் 10,000 பொதுச் சார்ஜர் என்றார்கள், எண்ணிக்கை எட்டவில்லை. செயலிகளின் எண்ணிக்கை எட்டிவிட்டதுபோல்தான் என் போன் கனக்கிறது.

பேட்டரி விலை. மறக்கவில்லை. கேட்கிறவர்கள் வாயை ஒரேயடியாக அடைக்க, சேவை மையத்துக்கே போனேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண்.

"பேட்டரி போச்சா அங்கிள்?"

"இல்லம்மா. போனா எவ்வளவு?"

நான் மற்றவர்களைப் பார்க்கும் அதே பார்வையால் அவள் என்னைப் பார்த்தாள். தலைமையகத்தைக் கேட்க வேண்டுமாம். தலைமையகம் சேசிஸ் நம்பர் கேட்டது, கொடுத்தேன். பிறகு பழுதுக் குறியீடு கேட்டது. பழுதே இல்லையே என்றேன். பழுது இல்லாமல் விலைப் புள்ளி தர முடியாதாம். "போகட்டும் அங்கிள், அப்ப வாங்க" என்று நல்ல மனசோடு சொன்னாள்.

வேறு வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புளூம்பெர்க்என்இஎஃப் 2024 ஆய்வின்படி உலகச் சராசரியாக லித்தியம் பேட்டரி ஒரு கிலோவாட் மணிக்கு 115 டாலர். 60 கிலோவாட் மணிக்கு 6,900 டாலர், அப்போதைய மதிப்பில் முப்பதாயிரம் வெள்ளியைச் சுற்றி. ஆனால் அது தொழிற்சாலை மொத்தமாக வாங்கும் கணக்கு. ஒரு பேட்டரியைக் கப்பலேற்றி, இறக்கி, வண்டியைத் தூக்கி, மாட்டி, லாபம் வைத்து நம் கையில் தரும் விலை வேறு. முழுசாக மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. முதன்முதலில் வந்த லீஃபின் பேட்டரி 48 மாட்யூல்களால் ஆனது, கெட்டதை மட்டும் கழற்றி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கூட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர். என்ன கேட்டார் என்று எழுதப் போவதில்லை.

இங்கே பெரும்பாலான பிராண்டுகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. ஆரோக்கியம் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றியோ பழுது பார்த்தோ தர வேண்டும் என்பது வழக்கமான விதி. மலேசியாவில் மின்சார வண்டி விற்பனை ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியதே 2023இல்தான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வண்டிகளின் உத்தரவாதம் 2031இல் முடியும். அதுவரை சிரம்பான்காரர் யாருக்கும் அவசியமில்லை. நீங்கள் பழையது வாங்கினால் உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, அதற்கு முந்தையவர் எல்லா சர்வீசையும் அவர்களிடமே செய்திருக்க வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதை வாங்காதீர்கள், என் வாயையும் சேர்த்து. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். உங்கள் வண்டி விலை இறங்குவதற்கு பேட்டரி காரணமாக இருக்காது. 2025 கடைசியில் புரோட்டோனே அறுபதாயிரம் வெள்ளிக்குள் புத்தம் புதிய மின்சார வண்டியை இறக்கிவிட்டது. அதைவிட அதிகம் கொடுத்துப் பழையது எடுத்தவர்கள் இரவில் எதை நினைத்து விழித்திருக்கிறோம் என்று ஊர் கேட்க மறந்துவிட்டது. மறந்தே இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். பாயா ரும்புட், செங், குருபோங் வட்டாரத்தில் கஞ்சில் வைத்திருக்கும் பெரியவர்களே, என்ன விலை கொடுத்தாலும் அதை விற்றுவிடாதீர்கள். ஜம்பர் கேபிளையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.